அஸ்தேரியோன் பொய் சொல்லவில்லை

'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற பிரயோகத்தை வேய்ன் பூத் 1961-ல் விமர்சனத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு 14 வருஷங்கள் முன்பே, 1947-ல், ப்யூனோஸ் அய்ரஸில் தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில் போர்ஹே 'அஸ்தேரியோனின் வீடு' என்ற சின்னஞ்சிறு கதையை வெளியிட்டார்.

தனியாக வாழும் ஒருவன் தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறான். கதவுகளுக்குப் பூட்டில்லை. ஒன்பது வருஷத்துக்கொருமுறை ஒன்பது பேர் உள்ளே வருகிறார்கள். அவர்களைத் தீமையிலிருந்து தான் விடுவிப்பதாகச் சொல்கிறான். அவன் மினோடார் என்பது கடைசி வரியில், அவனைக் கொன்றுவிட்டு வந்த தீஸியஸின் வாயிலாகத்தான் தெரிகிறது.

ஆனால், ராணி பெற்ற மகனின் பெயர் அஸ்தேரியோன் என்ற அப்பலோடோரஸின் வாக்கியம் கதையின் முகப்பிலேயே இருக்கிறது. ரகஸ்யம் எதுவும் ஒளித்துவைக்கப்படவில்லை. அஸ்தேரியோன் தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறான். 'நான்' என்று பேசுகிறவனுக்கெல்லாம் மனித முகத்தைப் பொருத்திவிடுவது நாம்.

வாட்ஸ் 1885-ல் வரைந்த ஓவியத்தில் மதில்மேல் சாய்ந்து கடலைப் பார்த்து நிற்கிறது அந்த மிருகம். தம் நாயகனின் பரிதாபம் அதிலிருந்து வந்தது என்று போர்ஹேயே எழுதியிருக்கிறார். திருப்பத்துக்கு முன்பே பரிதாபம் இருந்திருக்கிறது. எனவேதான், முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற கதைகளுக்கு மத்தியில், இதை இரண்டாம் முறை படிக்கும்போது துக்கம் கூடுகிறது. திருப்பத்துக்கு வேறு உரைகல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.