அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமமா? நானோ உரத்தின் கணக்கு என்ன சொல்கிறது?

தென்காசி மாவட்டம் புளியங்குடி என்றாலே எலுமிச்சைதான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துத் தோட்டங்களில் பறிக்கும் காய், இங்குள்ள சந்தைக்கு வந்து கேரளா வரை போகிறது. எலுமிச்சையோ நெல்லோ, மழை பெய்து மண் ஈரமானதும் விவசாயி முதலில் போய் நிற்கும் இடம் உரக்கடை. அங்கேதான் கொஞ்ச வருடமாக ஒரு புது வசனம் கேட்கிறது: "யூரியா இருக்கு. ஆனா இந்த பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கோங்க."

அந்த பாட்டில்தான் நானோ யூரியா. அரை லிட்டர் வாங்கினால் 45 கிலோ மூட்டை வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

நானோ என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 முதல் 1 லட்சம் நானோமீட்டர் இருக்கும். நானோ யூரியாவில் உள்ள துகள்கள் 20 முதல் 50 நானோமீட்டர் என்கிறது அதைத் தயாரிக்கும் இஃப்கோ கூட்டுறவு நிறுவனம். ஒரு பொருளை இவ்வளவு சிறிதாக்கினால் அதன் மேற்பரப்பு பல மடங்கு கூடும், குணமும் மாறும். முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு வெள்ளையாகத் தெரியாமல் இருப்பது இதனால்தான். குடிநீரில் இருக்கும் பூச்சிமருந்தை வெள்ளி நானோ துகள் கொண்டு நீக்கும் வடிகட்டியை சென்னை ஐஐடி பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கியதும் இதே அடிப்படையில்தான். ஆக, நானோ என்பது வெறும் விளம்பர வார்த்தை இல்லை. உரத்தில் அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

சாதா யூரியாவில் என்ன பிரச்சினை?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். வயலில் வீசியதும் மண்ணில் உள்ள நொதி அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி காற்றில் போகிறது. மீதியில் ஒரு பகுதி நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்குகிறது. இன்னும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வானுக்குப் போகிறது. பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 270 மடங்கு வீரியமானது. பயிருக்குப் போய்ச் சேருவது பல நேரங்களில் போட்டதில் பாதிகூட இல்லை. 266 ரூபாய் 50 காசுக்கு மூட்டை கிடைப்பதும் அரசு மானியத்தால்தான். எனவே "குறைவாகப் போடுங்கள், இலைக்கே நேராகக் கொடுங்கள்" என்ற யோசனையில் தப்பு இல்லை. இலைத்துளை வழியாக நானோ துகள் உள்ளே போய்விடும், வீணாகாது என்பதுதான் நானோ யூரியாவின் வாதம். 2021-ல் 240 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்தது.

இப்போது கணக்கைப் பார்ப்போம்

இதற்கு விஞ்ஞானம் படிக்க வேண்டாம், செல்போன் கால்குலேட்டர் போதும். முதலில் வந்த நானோ யூரியாவில் நைட்ரஜன் 4 சதவீதம். 500 மில்லியில் 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் என்றால் 20.7 கிலோ. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வித்தியாசம்! மூட்டையில் முக்கால்வாசி வீணானாலும் பயிருக்கு 5 கிலோ கிடைக்கும். பாட்டிலில் ஒரு சொட்டுகூட வீணாகாவிட்டாலும் 20 கிராம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதா யூரியாவையே 1 சதவீதக் கரைசலாக இலையில் தெளிப்பது பழைய வழக்கம். ஏக்கருக்கு 125 லிட்டர் தண்ணீர் என்றால் ஒன்றேகால் கிலோ யூரியா கரைப்போம். அதில் நைட்ரஜன் 575 கிராம். நானோ பாட்டிலைப்போல 28 மடங்குக்கும் மேல். செலவோ பத்து ரூபாய்க்குள்!

நானோ உரத்தை ஆதரிப்பவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது: அளவை மட்டும் பார்க்கக் கூடாது, நானோ துகள் செடியின் உள்ளே நைட்ரஜனைப் பயன்படுத்தும் செயல்பாட்டையே தூண்டிவிடுகிறது என்பார்கள். 11,000 விவசாயிகளின் வயல்களில், 94 பயிர்களில் சோதித்ததில் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடியது என்பது இஃப்கோ தரப்பு சொல்லும் தகவல்.

ஆனால் லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் வயலில் சோதித்துப் பார்த்தது. வழக்கமான உர அளவோடு ஒப்பிட்டால் நெல் விளைச்சல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தன. தானியத்தில் இருக்கும் நைட்ரஜனும் இறங்கியது. அதாவது புரதமும் போச்சு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2023-ல் இந்த உரத்துக்கான அறிவியல் ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். பிறகு 2024-ல் 'நானோ யூரியா பிளஸ்' அறிவிக்கப்பட்டது. அதில் 500 மில்லிக்கு 100 கிராம் நைட்ரஜன். ஐந்து மடங்கு கூடியிருக்கிறது, சரி. மூட்டையோடு வைத்துப் பார்த்தால் இன்னும் 200 மடங்கு பாக்கி.

அப்போ விவசாயி என்ன செய்வது?

அடியுரத்தை இந்த பாட்டிலை நம்பி நிறுத்தக் கூடாது. இதைத் தயாரிப்பவர்களே மேலுரமாகப் போடும் யூரியாவுக்கு மாற்று என்றுதான் சொல்கிறார்கள், அடியுரத்துக்கு அல்ல. சோதித்துப் பார்க்க ஆசை என்றால் மொத்த வயலிலும் வேண்டாம். நாலு பாத்தியில் நானோ, பக்கத்து நாலு பாத்தியில் வழக்கமான உரம், அறுவடையில் தனித்தனியாக எடை போடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டாலே வீணாவது கணிசமாகக் குறையும். மண் பரிசோதனை செய்து அளவைத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. இதற்கெல்லாம் புது பாட்டில் தேவையில்லை.

நானோ என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டவும் வேண்டாம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஹெக்சனால் கலந்த கலவையை மாம்பழத்தில் சோதித்தது. புல்லை வெட்டினால் ஒரு பச்சை வாசம் வருமே, அதில் இருக்கும் பொருள்தான் ஹெக்சனால். பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது, அதனால் பழம் அழுகுவது தள்ளிப்போகிறது. பறித்த காயை வெளியூர் அனுப்பும் புளியங்குடி மாதிரி ஊர்களுக்கு உரத்தைவிட இந்த வகை ஆராய்ச்சிதான் அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

கடைக்காரர் கட்டாயப்படுத்தினால்?

மறுக்கலாம். மானிய உரத்தோடு நானோ உரத்தைச் சேர்த்து விவசாயி தலையில் கட்டுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், 2025 ஜூலையில் எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். பில் கேட்டு வாங்குங்கள். பாட்டிலின் விலை அதில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்திருந்தால், அந்த பில்லோடு உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.