தலைப்பும் தடையும்: மாயா லின்னின் மாணவ வரைவை முன்வைத்து

சமூகப் பிரச்சினையைத் தொடும் மாணவர் படைப்பை நாம் பெரும்பாலும் அதன் தலைப்பைக் கொண்டே மதிப்பிடுகிறோம். பருவநிலை மாற்றம், நீர்ப் பஞ்சம், போர் என்று தலைப்பு கனக்கக் கனக்கப் படைப்பும் கனத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். பள்ளி ஓவியப் போட்டிகளில் வியர்வை வழியும் பூமிப்பந்தும், ஒரு பாதி தழைத்து மறு பாதி பட்டுப்போன மரமும் ஆண்டுதோறும் வருகின்றன. இதற்கு மாணவரின் கற்பனை வறட்சியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தலைப்பைக் கொடுக்கும் நாம், செய்யவேண்டிய வேலையைக் கொடுப்பதில்லை. வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கி, சென்ற நூற்றாண்டில் மிகக் கடுமையாக விவாதிக்கப்பட்ட பொதுக்கலைப் படைப்புகளில் ஒன்றாக முடிந்த வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவிடத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

1980இல் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவியாக இருந்த மாயா லின், இறந்தோருக்கான கட்டடங்கள் பற்றிய வகுப்பில் சேர்ந்திருந்தார். நினைவிடத்துக்கான தேசியப் போட்டியை அந்த வகுப்பு பயிற்சியாக எடுத்துக்கொண்டது. போட்டியின் விதிகள் கறாரானவை: இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயரும் இடம்பெற வேண்டும், நிலத்தோடு இசைய வேண்டும், போரைப் பற்றி அரசியல் கருத்து எதுவும் சொல்லக் கூடாது. லின் நேரில் போய் இடத்தைப் பார்த்தார். தரைக்கு மேலே எதையும் எழுப்பாமல் தரையை வெட்டித் திறப்பது என்று முடிவுசெய்தார். 1,421 வரைவுகள் வந்தன. நடுவர்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டுமே தெரியும். 1026ஆம் எண்ணுக்குரியவர் 21 வயது மாணவி என்பது 1981 மே மாதம் தேர்வு முடிந்த பிறகே வெளிப்பட்டது.

இந்த வரைவை அரசியல் சாராத, நடுநிலையான படைப்பு என்று பாராட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படைப்பின் அரசியல் பெயர்களின் வரிசையில் இருக்கிறது. 58,000க்கும் மேற்பட்ட பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் தேட எளிது என்று வாதிடப்பட்டது. ஒரே பெயர் கொண்டோர் பலர் இருக்க, அப்படிச் செய்தால் சுவர் ஒரு தொலைபேசிப் புத்தகமாகிவிடும். இறந்த தேதி வரிசையை லின் விட்டுக்கொடுக்கவில்லை. 1959இல் தொடங்கும் பெயர்கள், இரு சுவர்களும் சந்திக்கும் மூலையிலிருந்து கிழக்கே நீண்டு, மேற்குச் சுவரின் கடைக்கோடியில் மறுபடி தொடங்கி, 1975இல் அதே மூலைக்குத் திரும்புகின்றன. ஒன்றாக மடிந்தவர்கள் ஒன்றாகவே இருக்கிறார்கள். உயிரோடு திரும்பிய வீரர் தன் நாளைத் தேடிப் போய் நிற்க முடிகிறது. கிழக்குச் சுவர் தீர்ந்து மேற்குச் சுவர் தொடங்குவது 1968 மே மாதத்தில். பதினாறு ஆண்டுப் போரின் பெயர்கள் அந்த ஒரு மாதத்தில் இரண்டாகப் பிரிகின்றன என்றால், சாவு எப்படி ஒரு சில ஆண்டுகளில் குவிந்தது என்பதை நடந்தே அளந்துவிடலாம். கருத்துச் சொல்லாதே என்ற தடைக்குள் நின்றுகொண்டு காலத்தையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறார் மாணவி.

எதிர்ப்பாளர்கள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். கறுப்பு நிறமும் நிலத்தில் இறங்கும் வடிவமும் தோல்வியின் அடையாளம் என்றார்கள். லின் சீனக் குடியேறிகளின் மகள் என்பதையும் சிலர் விடவில்லை. சமரசமாக, மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலை 1984இல் பக்கத்தில் வந்தது. தலைப்பை விளக்கும் அந்தச் சிலையும் தலைப்பைச் செயலாக்கும் சுவரும் அருகருகே இருப்பது ஆசிரியர்களுக்கு நல்ல பாடப்பொருள். (பார்ப்பவர் முகத்தைப் பெயர்களோடு சேர்த்துக் காட்டும் அந்தக் கருங்கல் பெங்களூரிலிருந்து போனது. கனடா, ஸ்வீடன் கற்கள் ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். படைச்சேர்ப்பை மறுத்தவர்களுக்கு அந்நாடுகள் இடம் கொடுத்தனவாம்.)

ஆனால் தடை ஒரு விலையும் கேட்கிறது. யாருடைய பெயர்கள் என்பதை விதி முன்பே தீர்மானித்துவிட்டதால் வியட்நாமியர் ஒருவர்கூடச் சுவரில் இல்லை. 1991இல் கிரிஸ் பர்டன் என்ற கலைஞர் செப்புத் தகடுகளில் முப்பது லட்சம் வியட்நாமியப் பெயர்களைப் பொறித்தார். உண்மைப் பெயர்ப்பட்டியல் கிடைக்காததால் தொலைபேசிப் புத்தகத்துப் பெயர்களைக் கலந்து உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. லின்னின் வரைவு எதைக் கேட்க இயலவில்லை என்பதற்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் எழுத்தில் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

சுவர் இரண்டாகப் பிரியும் அதே 1968 மே மாதத்தில், அரசுக்கு எதிரான கிளர்ச்சியின் நடுவே, பாரிஸ் கலைக்கல்லூரி மாணவர்கள் அச்சுக்கூடத்தைக் கைப்பற்றி, சில்க் ஸ்கிரீன் முறையில் சுவரொட்டிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே விதியை எழுதியவர்களும் மாணவர்களே. ஒவ்வொரு வரைவும் பொதுக்கூட்டத்துக்கு வந்தது: கருத்து சரியா, சுவரொட்டி அதைச் சரியாகச் சொல்கிறதா? யாரும் கையொப்பம் இடவில்லை. ஜூன் இறுதியில் காவல்துறை கல்லூரியைக் காலி செய்தது. யேல் வகுப்பில் இல்லாத ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தது: கொடுத்த கேள்வியையே திருப்பிக் கேட்கும் உரிமை.

தலைப்பை விளக்காமல் செயலாக்குவது என்ற அளவுகோல் சூழலியலுக்கும் பொருந்தும். 2021இல் லின் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் 49 பட்டுப்போன வெண்தேவதாரு மரங்களை நட்டார். நியூ ஜெர்சியின் காடுகளில் கடலுப்பு ஏறி மடியும் இனத்தைச் சேர்ந்தவை. பசுமையான பூங்கா மரங்களுக்கு நடுவே அவற்றை நிறுத்தியதே செய்தியைச் சொன்னது, வாசகம் தேவைப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பழகிய அதே முறை.

போட்டி நடத்துவோர் 'நீர் காப்போம்' என்ற தலைப்புக்குப் பதிலாக ஊரின் ஓர் ஏரியையும் இரண்டு தடைகளையும் கொடுத்துப் பார்க்கலாம்: பூமிப்பந்து கூடாது, வாசகம் கூடாது. கூடவே, இந்த விதிகளால் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று மாணவரே அரைப் பக்கம் எழுதித் தரட்டும். அந்த அரைப் பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டென்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.