நிலக்கீல் சாலைத் திரிபு அளவீடு

நிலக்கீல் சாலைத் திரிபு அளவீடு என்பது, சக்கரச் சுமை மீண்டும் மீண்டும் ஏறுவதால் தார்ச்சாலையின் அடுக்குகளில் தோன்றும் தகைவையும் திரிபையும் அளக்கும் முறையாகும்.

சக்கரம் கடக்கையில் சாலைத் தளம் சிறிது வளைகிறது. நிலக்கீல் அடுக்கின் அடிப்பகுதி இழுபடுகிறது. இத்திரிபு மில்லியனில் சில நூறு பங்கே எனினும், இலட்சக்கணக்கான முறை நிகழ்வதால் அயர்வு விரிசல் உண்டாகிறது. அடிமண் அழுந்துவதால் சக்கரத்தடப் பள்ளம் விழுகிறது.

அளவிடும் முறை

சாலை அமைக்கும்போதே நிலக்கீல் அடுக்கின் அடியில் திரிபுமானிகளும், அடிமண்ணின் மேல் அழுத்தமானிகளும் பதிக்கப்படுகின்றன. நிலக்கீல் வெயிலில் இளகுமாதலால் வெப்பநிலையும் உடன் அளக்கப்படுகிறது.

இந்திய வழிகாட்டி

இந்தியச் சாலைகள் பேரவையின் ஐ.ஆர்.சி. 37 (2018), 80 கிலோநியூட்டன் ஒற்றை அச்சைச் சீர்ச்சுமையாகக் கொள்கிறது. அதன் சமன்பாட்டில் அயர்வு ஆயுள், திரிபின் 3.89 ஆம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் உள்ளது. எனவே திரிபு இரு மடங்கானால் ஆயுள் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்காகக் குறையும்.

காரைக்கால்

தேசிய நெடுஞ்சாலை 32 காரைக்கால் வழியே செல்கிறது. இங்கு 2009 இல் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. காவிரிக் கழிமுகத்தின் களிமண் மழையில் ஊறி வலுவிழப்பதால், அதே சரக்குந்து மழைக்காலத்தில் கூடுதல் திரிபை உண்டாக்கும். இதனாலேயே மழை மிகுந்த இடங்களில் அடிமண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்து அதன் வலுவைச் சோதிக்கின்றனர்.