முள் பொய் சொல்லுமா?

காரைக்குடியில் 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். உலோகத்தின்மீது முலாம் பூச வேண்டுவது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம். அதே கட்டடத்தின் விளக்குகளுக்கு வருவதோ 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மாறுமின்னோட்டம். இரண்டையும் ஒரே மீட்டரால் அளக்க முடியுமா?

1882-ல் பிரான்சில் தார்சன்வாலும் தெப்ரேயும் காந்த முனைகளுக்கிடையே கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு மின்னோட்டத்தை அளந்தனர். 1888-ல் அமெரிக்காவில் எட்வர்டு வெஸ்டன் அதை எளிதில் எடுத்துச் செல்லும் மீட்டராக்கினார். நேர்மின்னோட்டத்துக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அவ்வளவு விரைவாகச் சுருளால் திரும்ப இயலாது. முள் பூச்சியத்திலேயே நிற்கும். அதை நம்பிக் கம்பியைத் தொட்டால் உயிரே போகும்!

இக்குறையை நீக்க வந்தது இயங்கு இரும்பு மீட்டர். மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும் சுருளினுள் உள்ள இரு இரும்புத் துண்டுகளும் ஒரேவிதமாகக் காந்தமாகி, ஒன்றையொன்று விலக்கும். ஆயினும் அதிர்வெண் கூடக்கூடச் சுருளின் மின்மறிப்பும் கூடுகிறது. ஒரு கணக்குப் பாருங்கள். வோல்ட்மீட்டரின் மின்தடை 3,000 ஓம், தூண்டல் எண் 1 ஹென்றி என்க. தூண்டலால் வரும் மறிப்பு 50 ஹெர்ட்ஸில் 314 ஓம். 500 ஹெர்ட்ஸில் 3,140 ஓம். எனவே 50 ஹெர்ட்ஸில் அளவீடு குறித்த அம்மீட்டர், 500 ஹெர்ட்ஸில் 100 வோல்ட்டைச் சுமார் 69 வோல்ட் என்றே காட்டும்.

1923-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஏவோமீட்டர், வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளந்தது. ஆனால் நேர்மின்னோட்டத்தில் மட்டுமே. பின்னர் தாமிர ஆக்சைடு திருத்தி சேர்ந்ததும் மாறுமின்னோட்டமும் அதற்கு வசப்பட்டது. அங்கும் ஒரு வரம்பு உண்டு. திருத்தி சிறு மின்தேக்கியாகவும் செயல்படுவதால், உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டத்தின் ஒரு பகுதி திருத்தப்படாமலே கடந்துவிடும். முள் குறைத்துக் காட்டும்.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் ஒலிபெருக்கிச் சுற்றின் வெளியீடு உயர் அதிர்வெண்ணில் குறைவதாகத் தோன்றினால், உடனே சுற்றைக் குறை கூறாதீர்கள். குறைந்தது வெளியீடா, மீட்டரின் திறனா? மீட்டருடன் தரப்பட்டுள்ள அதிர்வெண் வரம்பை முதலில் படியுங்கள். அவ்வரம்புக்குள் மட்டுமே முள்ளின் சொல் செல்லும்.