பர்ஸ்ல தூங்குற லண்டன் கார்டு, பாரிஸ் டிக்கெட்... அடுத்த ட்ரிப்ல செல்லுமா? - ஒரு கம்ப்ளீட் கைடு

வெளிநாடு போய் வந்தவர்கள் வீட்டு டிராயரைத் திறந்தால், சில பொருள்கள் கட்டாயம் கண்ணில் படும். கொஞ்சம் சில்லறைக் காசு, ஹோட்டல் பேனா, அப்புறம் ஒரு மெட்ரோ கார்டு. உள்ளே பேலன்ஸ் எவ்வளவு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. தூக்கிப் போடவும் மனசு வராது.

ஆபீஸ் ஆன்சைட், அக்கா வீட்டு விசேஷம், படிப்பு, ஹாலிடே என ஏதோ ஒரு காரணத்துக்காக மறுபடியும் அதே ஊருக்குக் கிளம்புகிறீர்கள். 'பழைய டிக்கெட் இருக்கே, அதையே யூஸ் பண்ணிக்கலாமா?' என்ற கேள்வி வருவது நியாயம்தான். லண்டன் கார்டில் மிச்சமிருக்கும் 10 பவுண்டு, நம்ம ஊர்க் கணக்கில் 1,000 ரூபாய்க்கும் மேல். அதே நேரம், செல்லாத டிக்கெட்டோடு ரயிலில் ஏறி செக்கரிடம் மாட்டினால், மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு அபராதம் கட்ட வேண்டி வரும்.

எது செல்லும், எது செல்லாது? ஊர் ஊராகப் பார்க்கலாம்.

முதல்ல, உங்க கையில இருக்கறது எந்த டைப்?

எந்த நாடாக இருந்தாலும், மிச்சமாகும் டிக்கெட்டுகள் பெரும்பாலும் 3 வகைதான்.

1. ஒற்றைப் பயண டிக்கெட் அல்லது டோக்கன்: இதில் அன்றைக்கே காலாவதி ஆவதும் உண்டு, பல மாதம் செல்லுவதும் உண்டு. கோலாலம்பூர் எல்.ஆர்.டி-யில் தரும் நீல பிளாஸ்டிக் டோக்கன் வாங்கிய அன்றைக்கு மட்டும்தான். அதை வீட்டுக்குக் கொண்டு வந்தால் ஷோகேஸில்தான் வைக்க வேண்டும்.

2. நாள் கணக்கு பாஸ்: 1 நாள், 3 நாள், 1 வாரம் என வாங்குவது. முதல் தடவை பயன்படுத்தியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 3 நாள் பாஸில் 2 நாள்தான் சுற்றினீர்கள் என்றால், மிச்சமுள்ள 1 நாளை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க முடியாது.

3. பணம் ஏற்றிய கார்டு: ஆய்ஸ்டர், ஆக்டோபஸ், சூய்கா எல்லாம் இந்த வகை. மறு பயணத்தில் கைகொடுப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால், 'கார்டுக்கு ஆயுள் எவ்வளவு', 'உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆயுள் எவ்வளவு' என்று 2 கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

லண்டன்: பணம் பத்திரம்!

ஆய்ஸ்டர் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. அதில் ஏற்றிய 'பே அஸ் யூ கோ' பணத்துக்குக் காலாவதி கிடையாது. பல வருஷம் கழித்துப் போனாலும் கேட்டில் வைத்துப் பார்க்கலாம்.

பேலன்ஸ் 10 பவுண்டு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், ட்யூப் ஸ்டேஷனில் உள்ள டிக்கெட் மெஷினிலேயே ரீஃபண்ட் எடுக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். ரீஃபண்ட் எடுத்தால் அந்த கார்டின் கதை அதோடு முடிந்தது. அடுத்த முறை புது கார்டுக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. மறுபடி போவது உறுதி என்றால், பேலன்ஸை அப்படியே விட்டு வைப்பதுதான் லாபம்.

பாரிஸ்: பழைய டிக்கெட்ல உஷார்!

பாரிஸ் போனவர்கள் 10 டிக்கெட் கொண்ட 'கார்னே' வாங்கி, அதில் மிச்சமான நாலைந்து காகித டிக்கெட்டை பத்திரப்படுத்தி வைப்பது ஒரு காலத்தில் வழக்கம். அந்த ஊர் இப்போது காகிதத்தைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. காகித கார்னே விற்பனை முதலில் நின்றது. 2025 ஜனவரி 1 முதல் கட்டண முறையே மாறியது. மெட்ரோ மற்றும் ரயிலுக்கு 2.50 யூரோ, பஸ் மற்றும் டிராமுக்கு 2 யூரோ எனத் தனித்தனி டிக்கெட் வந்தது. ஏர்போர்ட் பயணத்துக்கு வேறு டிக்கெட்.

பழைய காகித டிக்கெட் இருந்தால், நேராக கேட்டில் நுழைக்காமல் கவுன்ட்டரில் காட்டிக் கேட்டுவிடுங்கள். இன்னொரு சிக்கல், அதன் பின்னால் இருக்கும் காந்தப் பட்டை. போன், சாவி, காசோடு ஒரே பையில் கிடந்தால் அது செயலிழந்து போகும், கேட் திறக்காது.

இப்போது அங்கே பயன்படுத்தும் 'நவிகோ ஈஸி' கார்டின் விலை 2 யூரோ, ஆயுள் 10 வருஷம். இதைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த ட்ரிப்புக்கும் ஆகும்.

ஜப்பான்: கலரைப் பார்க்காதீங்க, பெயரைப் பாருங்க!

பச்சை நிற சூய்கா கார்டு, கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 வருஷம் வரை உயிரோடு இருக்கும். ஒசாகா பக்கம் வாங்கும் இகோகா கார்டும் அப்படித்தான். ஆனால், டூரிஸ்ட்களுக்கான 'வெல்கம் சூய்கா' கார்டு 28 நாள் மட்டும்தான். டெபாசிட் கிடையாது, பேலன்ஸும் திரும்ப வராது. அதில் பணம் ஏற்றும்போது அளந்து ஏற்றுங்கள்.

சாதா சூய்காவை ஒப்படைத்தால் 500 யென் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். பேலன்ஸ் இருந்தால் அதிலிருந்து 220 யென் பிடித்துக்கொள்வார்கள். இங்கேதான் ஒரு சூட்சுமம். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஜூஸோ, ஓனிகிரியோ வாங்கி பேலன்ஸைக் காலி செய்துவிட்டுப் போனால், டெபாசிட் முழுசாகக் கைக்கு வரும். டோக்கியோ சூய்காவை வைத்து ஒசாகாவில் ரயில் ஏறலாம். ரீஃபண்ட் மட்டும் அங்கே கிடைக்காது. வாங்கிய கம்பெனியின் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும்.

ஹாங்காங்: மைனஸ்லயும் ஓடும்!

1997-ல் அறிமுகமான ஆக்டோபஸ் கார்டுக்கு 50 ஹாங்காங் டாலர் டெபாசிட். பேலன்ஸ் கொஞ்சமே இருந்தாலும் கடைசிப் பயணத்துக்கு கேட் திறக்கும், குறைகிற தொகை டெபாசிட் கணக்கில் கழியும். ஆனால், 3 வருஷம் தொடாமல் வைத்திருந்தால் கார்டு முடங்கிவிடும். எம்.டி.ஆர் கஸ்டமர் சர்வீஸ் மையத்தில் கொடுத்து மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும்.

சிங்கப்பூர்: கார்டா, அக்கவுன்ட்டா?

நம்மவர்கள் அடிக்கடி போய் வரும் ஊர். அங்கே 2024 ஜனவரியில் ஒரு கலாட்டாவே நடந்தது. பழைய ஈஸி-லிங்க் கார்டுகள் எல்லாம் ஜூன் முதல் செல்லாது, 'சிம்ப்ளிகோ' முறைக்கு மாறுங்கள் என்று அறிவித்தார்கள். புது முறையில் கேட்டில் டேப் செய்யும்போது பேலன்ஸ் தெரியாது என்பதால் மக்களிடம் கடும் எதிர்ப்பு. 2 வாரத்திலேயே முடிவை வாபஸ் வாங்கி, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினார்கள்.

அதனால், கையில் இருப்பது எந்த வகைக் கார்டு, அது எப்போது காலாவதி ஆகும் என்பதைப் போய் இறங்கியதும் டிக்கெட் மெஷினில் வைத்துப் பாருங்கள். கார்டை வாங்கக் கட்டிய தொகை திரும்ப வராது. உள்ளே இருக்கும் பணம் மட்டும் உங்களுடையது.

துபாய்: 90 நாளா, 5 வருஷமா?

துபாயின் நோல் கார்டில், சில்வர் கார்டுக்கு ஆயுள் 5 வருஷம். 25 திர்ஹாம் கொடுத்து வாங்கினால் உள்ளே 19 திர்ஹாம் இருக்கும். சிவப்பு நிற காகித டிக்கெட் வாங்கியிருந்தால் அது 90 நாள்தான். அடிக்கடி போகிறவர்கள் எதை வாங்க வேண்டும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நியூயார்க்: மஞ்சள் கார்டுக்கு குட்பை!

பெண்ணையும் பிள்ளையையும் பார்க்க நியூ ஜெர்சி போய், பக்கத்தில் நியூயார்க்கைச் சுற்றிவிட்டு வந்த அப்பா, அம்மாக்களின் பையில் மஞ்சள் நிற 'மெட்ரோ கார்டு' இருக்க வாய்ப்பு அதிகம். 2025 டிசம்பர் 31-ஓடு அதன் விற்பனையும் ரீசார்ஜும் முடிந்தன. இனி 'ஆம்னி' எனும் டேப் செய்யும் முறைதான். பழைய கார்டில் பணம் இருந்தால், இனியும் தள்ளிப்போடாமல், முதல் வேலையாக கஸ்டமர் சர்வீஸ் மையத்தில் கொடுத்து ஆம்னிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் இல்லை. சென்னை மெட்ரோவின் பழைய டிராவல் கார்டுக்கு ரீசார்ஜை நிறுத்திவிட்டு, 'சிங்காரச் சென்னை' கார்டுக்கு மாறச் சொன்னதும் இதே கதைதான்.

ஸ்டாம்ப் அடிக்காத டிக்கெட்... ஓகேவா?

ஐரோப்பாவின் பல ஊர்களில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. பிளாட்பாரத்திலோ, பஸ்ஸுக்குள்ளோ இருக்கும் மெஷினில் நேரத்தை ஸ்டாம்ப் அடித்தால்தான் அது டிக்கெட். மிச்சமாகி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இப்படி ஸ்டாம்ப் அடிக்காத டிக்கெட்தான்.

இதில் 2 விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இடையில் கட்டணம் ஏறியிருந்தால், பழைய விலை டிக்கெட் நேரடியாகச் செல்லாமல் போகலாம். கவுன்ட்டரில் கேட்டு, வித்தியாசத் தொகை கட்டி மாற்ற முடியுமா என்று பாருங்கள். இரண்டு, பாக்கெட்டில் டிக்கெட் இருக்கிறதே என்று ஸ்டாம்ப் அடிக்காமல் உட்கார்ந்தால், அது வித்அவுட் கணக்குதான். பெர்லினில் மாட்டினால் 60 யூரோ. நம்ம காசுக்கு 5,000 ரூபாயைத் தாண்டும். 'டூரிஸ்ட் சார், தெரியாது சார்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

நான் போகல, தம்பி போறான்... கொடுக்கலாமா?

பெயர் பதிக்காத சாதா கார்டு என்றால் பெரும்பாலும் கொடுக்கலாம். பெயர், போட்டோ, மாணவர் சலுகை, சீனியர் சிட்டிசன் சலுகை உள்ள கார்டை மட்டும் இன்னொருவரிடம் கொடுக்கவே கூடாது. சிறுவர் கார்டைப் பெரியவர் பயன்படுத்தினால் அபராதம் நிச்சயம்.

இன்னொன்று, ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். கணவர் டேப் செய்துவிட்டு உள்ளே போய், அதே கார்டை மனைவியிடம் நீட்டுவதெல்லாம் லண்டனிலோ டோக்கியோவிலோ நடக்காது.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். காலாவதி தேதி அச்சிட்டிருக்கலாம். மெல்போர்னின் மைக்கி கார்டுக்கு 4 வருஷம்தான் ஆயுள்.

* அந்தப் போக்குவரத்து நிறுவனத்தின் இணையதளத்தில் கட்டணமோ, கார்டு முறையோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ 3 வருஷத்துக்கு முன் போட்ட ரீல்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள்.

* ஊர் போய் இறங்கியதும், கேட்டுக்குப் போகும் முன் டிக்கெட் மெஷினில் பேலன்ஸ் பாருங்கள்.

* போன முறை இறங்கும்போது டேப் செய்யாமல் வெளியே வந்திருந்தால், ஜப்பானில் கார்டு லாக் ஆகியிருக்கும். ஸ்டேஷன் ஊழியரிடம் கொடுத்தால் சரிசெய்து தருவார்.

* பல ஊர்களில் இப்போது பேங்க் கார்டையே நேரடியாக டேப் செய்யலாம். நம் நாட்டு கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ் வசதியும் முதலில் ஆஃபில்தான் இருக்கும். பேங்க் ஆப்பில் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பேங்க் எவ்வளவு பிடிக்கும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெச்சுக்கலாமா, திருப்பிக் கொடுக்கலாமா?

கார்டு ஆயுளுக்குள் மறுபடி போவீர்களா? அப்படியென்றால் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பே இல்லையா? டெபாசிட் திரும்பத் தரும் ஊராக இருந்தால், ஏர்போர்ட் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பணத்தை வாங்குவது பெரும்பாடு. டெபாசிட் தராத ஊராக இருந்தால், பேலன்ஸைச் செலவு செய்துவிட்டு, கார்டை அங்கே இருக்கும் நண்பரிடமோ, அடுத்து அந்த ஊருக்குப் போகிறவரிடமோ கொடுத்துவிடலாம்.

எதற்கும், இன்றைக்கே அந்த டிராயரைத் திறந்து, ஒவ்வொரு கார்டின் மேலேயும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, பேலன்ஸ் எவ்வளவு, கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று எழுதி, பாஸ்போர்ட் கவரிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த டிக்கெட் புக் பண்ணும்போது தேட வேண்டியிருக்காது.