ஒரு இரும்பு பிளாக்குக்கு எத்தனை ஆயுள்?

திண்டிவனத்தில் சாலை பிரிகிறது. ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, இன்னொன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு. சாலைகள் கூடும் ஊரில் வண்டிகள் நிற்கும். வண்டிகள் நிற்கும் ஊரில் பட்டறைகள் இருக்கும். இந்தப் பட்டறைகளில் 'இன்ஜின் வேலை' என்று சொல்வார்களே, அது ஏன் இவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்தது?

விடை நம் பொருளாதார வரலாற்றில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. உள்நாட்டில் முக்கியமாக மூன்றே கம்பெனிகள்: இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புது வண்டி கிடைக்காதபோது என்ன செய்வார்கள்? பழையதைப் புதுப்பிப்பார்கள்!

அதற்கு ஏற்ற வண்டி அம்பாசிடர். 1957-ல் உத்தர்பாராவில் தயாரிப்பு தொடங்கியது. 1959 முதல் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் பிளாக் கனமான வார்ப்பிரும்பு. சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் சிலிண்டரின் மேல்பகுதி அதிகமாகத் தேயும். காரணம், அங்கேதான் சூடு அதிகம், ஆயில் குறைவு. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால் வட்டமும் நீள்வட்டமாகும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், மேட்டில் இழுக்காது.

இன்ஜினை இறக்கிப் பிரித்ததும் முதல் வேலை சுத்தம் செய்வது. வெளியே படிந்த பிசுக்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்துச் சுரண்டுவார்கள். பெரிய பட்டறை என்றால் காஸ்டிக் சோடா கரைத்த சுடுநீர்த் தொட்டி. பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, தண்ணீர் ஓடும் வழியில் படிந்த துருவையும் உப்பையும் எடுப்பார்கள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரே ஊற்றிய வண்டி என்றால் இந்த வேலை இரட்டிப்பு. ஆயில் செல்லும் துளைகளையும் கம்பி விட்டுக் குத்தி, காற்றடிப்பார்கள்.

அடுத்தது போரிங். தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. இதற்கு பிஸ்டன் வேண்டுமே? 1949-ல் சென்னை செம்பியத்தில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகள் அதைச் சாத்தியமாக்கின. கடைசி அளவையும் தாண்டிவிட்டால் உள்ளே லைனர் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்துவிடலாம். அதாவது பிளாக் மறுபடி முதலிலிருந்து!

எல்லாம் முடிந்தபின் ஒரு சின்ன வேலை உண்டு. ஹோனிங் செய்யும்போது கல்லின் நுண்துகள் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் அதை முழுசாக எடுக்காது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து, வெள்ளைத் துணியில் கறை படாத வரை தேய்த்துக் கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். இதில் அவசரப்பட்டால் புது ரிங்குகளையே அந்தத் துகள் தின்றுவிடும். கடன் வாங்கி இன்ஜின் வேலை பார்த்த வாடகைக் கார்க்காரர் சில மாதத்தில் மறுபடி பட்டறை வாசலில் நிற்பார். செலவு மட்டுமா? வண்டி நின்ற நாட்களின் வருமானமும் போச்சு.

வணிகவியல் கண்ணால் பாருங்கள். ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழித்தால், 100 ரூபாய் வண்டியின் மதிப்பு பத்தாண்டில் 3 ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். ஆனால் அதே வண்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. கணக்குப் புத்தகத்தில் செத்த சொத்துக்குப் பட்டறை உயிர் கொடுத்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பின் கார் கம்பெனிகள் பெருகின. 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பே நின்றது. இன்றைய பல கார்களில் பிளாக் அலுமினியம். காஸ்டிக் தொட்டியில் போட்டால் உலோகமே அரிக்கும். சிலவற்றைக் கடையவும் முடியாது. 2021-ல் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையும் வந்துவிட்டது. புகை குறைய அது தேவைதான். ஆனால் கை அளவாலேயே தேய்மானம் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வேலை குறைகிறது என்பதும் உண்மை.

அடுத்த முறை ஓடுகிற அம்பாசிடரைப் பார்த்தால், பிளாக் எத்தனையாவது போரிங் என்று டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வண்டியின் வரலாறே வரும்!