ஏலமும் ஏலமும்: குமுளி மலைகளில் ஒரு பயிரின் ஆய்வு வரலாறு

தமிழில் ஏலம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மலையில் விளையும் நறுமணப் பயிர் ஒன்று. விலையை ஏற்றிக் கூறி விற்கும் முறை மற்றொன்று. விற்பனையைக் குறிக்கும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பது அகராதியாளர் கருத்து. பிறப்பால் உறவில்லாத இவ்விரு சொற்களும் குமுளியைச் சுற்றிய மலைகளில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. செடியைத் தாவரவியலார் ஆராய்ந்தனர். விலையைப் பொருளியலார் ஆராய்ந்தனர். விற்பனை அமைப்பை மேலாண்மைத் துறையினர் ஆராய்ந்தனர். ஒவ்வொரு துறையின் விடையும் அடுத்த துறைக்கு உரிய வினாவாகவே முடிந்தது என்பதை இப்பயிரின் வரலாறு காட்டுகிறது.

திருவிதாங்கூர் ஆட்சியில் ஏலக்காய் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. பயிரிட்டோர் அதை அரசுக்கே அளிக்க வேண்டும். சரக்கு மலையிறங்கி ஆலப்புழைப் பண்டகசாலைக்குச் சென்றது. இன்றும் உயர்தரக் காய்க்கு ‘ஆலப்பி பச்சை’ என்ற பெயர் வழங்குவது அதன் எச்சமே. பயிரிட்டோரிலும் உழைத்தோரிலும் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய தமிழர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனியுரிமை நீங்கி, நிலவரி வந்தது. விலையின் ஏற்றத்தாழ்வு அதன்பின் பயிரிடுவோர் தலையில் இறங்கியது.

ஆய்வு நிறுவனங்கள் விடுதலைக்குப் பின்னரே இம்மலையில் வேரூன்றின. பாம்பாடும்பாறையில் 1956இல் ஏல ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பின்னர் அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி 1966இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. மயிலாடும்பாறையில் 1978இல் இந்திய ஏல ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. 1987இல் வாரியம் நறுமணப் பொருள்கள் வாரியத்துள் இணைந்தது. செடியின் நோயை ஆராய்வதும், விற்பனைக்கூடம் நடத்துவோருக்கு உரிமம் வழங்குவதும் ஒரே வாரியத்தின் பொறுப்பாயின. பல துறைகள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த அரிய ஏற்பாடு இது. ஆயினும் அவற்றின் வினாக்கள் தனித்தனியாகவே நின்றன.

கட்டே நோய் இதற்கு முதற்சான்று. இலையில் வெளிர்கோடுகளாகத் தோன்றிச் செடியைக் குன்றச் செய்யும் இந்நோய் வைரசால் உண்டாவது என்பதும், வாழை அசுவினிப் பூச்சி அதனைப் பரப்புகிறது என்பதும் 1940களிலேயே நிறுவப்பட்டன. மருந்தில்லை, நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதே வழி. அறிவியல் அளவில் விடை தெளிவானது. செடியைப் பிடுங்குபவர் தம் விளைச்சலை இழக்கிறார். பயன் பக்கத்துத் தோட்டத்திற்கும் சேர்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் பிடுங்காவிட்டால் இவர் இழப்பு வீணாகிறது. பொருளியலார் புறவிளைவு என்று குறிக்கும் சிக்கல் இது. ஒரு தோட்டத்துக்குள் நடத்தும் சோதனை இதற்கு விடை தராது. பல தோட்டக்காரரின் உடன்பாடும் இழப்பீடும் வேண்டும்.

இரண்டாவது சான்று இலைப்பேன். இப்பூச்சி பிஞ்சுக் காயின் தோலைச் சுரண்டி உறிஞ்சும். காய் முற்றும்போது தோலில் சொறிபோன்ற தழும்பு படியும். மணம் இருப்பது தோலுக்குள் அடங்கிய விதையில். விற்பனைக்கூடத்திலோ நிறம், பருமன், தோலின் மாசின்மை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே விலை கூறுகின்றனர். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பசுங்காய்க்கு ஒரு விலை. தழும்பேறிய காய்க்கு வேறொரு விலை. ஆகவே தோட்டத்தில் எத்தனை முறை மருந்தடிப்பது என்ற முடிவில் பூச்சியின் எண்ணிக்கைக்கு உள்ள பங்கு தரப்பிரிப்பு முறைக்கும் உண்டு. விடியலில் மலர்ந்து மாலையில் வாடும் ஏலப்பூவில் காய் பிடிப்பதற்குத் தேனீக்கள் இன்றியமையாதவை; மருந்து அவற்றையும் தாக்குகிறது. அழகிய தோலுக்கு விலை கொடுக்கும் சந்தை, காய்ப்பிடிப்புக்குத் துணைநிற்கும் உயிரை அழிக்கத் தூண்டுகிறது. பின்னாளில் சௌதி அரேபியா போன்ற நாடுகள் மருந்து எச்சத்திற்குக் கடும் வரம்பு விதித்தபோது, அதே மருந்து ஏற்றுமதிக்குத் தடையாகத் திரும்பிவந்தது.

மூன்றாவது சான்று ‘ஞள்ளானி’. கட்டப்பனை வட்டாரத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்துச் செடிகளைக் கூர்ந்து நோக்கித் தேர்ந்தெடுத்த இவ்வகை, 1990களில் இடுக்கி மலைகளில் விரைந்து பரவியது. நாட்டின் ஏலப் பரப்பு 1980களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேராக இருந்து பின்னர் ஏறத்தாழ 70,000 ஹெக்டேராகச் சுருங்கியது. ஆனால் சில ஆயிரம் டன்னாக இருந்த விளைச்சல் 2017-18இல் 20,000 டன்னைக் கடந்தது. ஆராய்ச்சி நிலையங்களின் அறிவோடு விவசாயியின் அறிவும் சமநிலையில் வைத்து எண்ணத்தக்கது என்பதற்கு இது நற்சான்று. அதே வேளையில், மிகுவிளைச்சல் மிகுதியான உரத்தையும் மருந்தையும் நீரையும் கேட்டது. நிழல்மரங்களின் கிளைகள் கூடுதலாகக் கழிக்கப்பட்டன. விளைச்சல் அட்டவணையில் இச்செலவுகளுக்கு இடமில்லை.

மலைக்கு அப்பாலும் மாற்றம் நிகழ்ந்தது. முதல் உலகப்போர்க் காலத்தையொட்டிக் குவாத்தமாலாவின் கோபான் பகுதிக்கு ஏலம் கொண்டுசெல்லப்பட்டது. 1980களில் அந்நாடு உற்பத்தியில் இந்தியாவை முந்தி, அரபு நாடுகளின் சந்தையைப் பெருமளவு கைப்பற்றியது. அங்கே உள்நாட்டு நுகர்வு மிகக் குறைவு. குமுளி மலைகளின் காயைத் தாங்கியது வளர்ந்துவந்த இந்திய உள்நாட்டுச் சந்தையே.

அந்தச் சந்தையின் வாயில் ஏலக்கூடம். 2007இல் போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலம் தொடங்கியது. வாய்விட்டு விலை கேட்கும் முறை போய், வணிகர் கணினியில் விலை ஏற்றும் முறை வந்தது. யார் கேட்கிறார் என்பது மறைந்தால் கூட்டுச்சேர்வு குறையும் என்பது ஏலக் கோட்பாடு அறிந்த கருத்து. ஆயினும், வாங்கிய சரக்கையே மீண்டும் ஏலத்திற்குக் கொண்டுவரும் ‘ரீபூலிங்’ விலையைக் கெடுக்கிறது என்ற புகார் விவசாயிகளிடையே ஓயவில்லை. கருவி மாறியது, வாங்குவோர் தொகையும் அவர்தம் முதல்வலிமையும் அதனால் மாறிவிடவில்லை.

இவ்வளவு ஆய்வுகளிலும் மிகக் குறைவாக இடம்பெற்றவர் காய் எடுப்போர். ஒரே கொத்தில் காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. முற்றியதைத் தேர்ந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை, கையால் பறிக்க வேண்டும். தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி மாலையில் திரும்புகின்றனர். 2020இல் பெருந்தொற்றுக்காக எல்லை மூடப்பட்டபோதுதான், பயிர் இவர்களை எவ்வளவு சார்ந்தது என்பது பொதுப்பேச்சாயிற்று.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று அனைத்தையும் ஒருசேரக் காட்டும். 2018 ஆகஸ்டு வெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் விளைச்சலைச் சரித்தன. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. காய் இழந்த விவசாயிக்கு அவ்விலையால் பயன் சிறிது. விலையைக் கண்டு பலர் புதிதாக நட்டனர். 2020-21இல் உற்பத்தி 22,000 டன்னைத் தாண்டியது. 2022இல் விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மழை அறிவியலின் பொருள், விலை பொருளியலின் பொருள், நடவு முடிவு மேலாண்மையின் பொருள் என்று பிரித்தால் இந்த நான்கு ஆண்டுகள் புரியா.

பாம்பாடும்பாறையில் மழைக்குறிப்புகள் உள்ளன. நறுமணப் பொருள்கள் வாரியம் ஏல விலைகளை நாள்தோறும் வெளியிடுகிறது. தோட்டங்களில் கூலிப் பேரேடுகள் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒரே மேசையில் விரித்துப் படிப்பவர், விலை 7,000ஐத் தொட்ட நாளில் காய் எடுத்த பெண்ணின் கூலி எவ்வளவு உயர்ந்தது என்ற வினாவிலிருந்து தொடங்கலாம்.